எரிஉலைக்கு அனுமதி கேட்கிறார்கள், யாரை நம்புவது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில், தொழிற்சாலைகளின் அபாயகரமான கழிவை எரித்து அழிக்கும் ஆலை ஒன்றுக்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள். முதல் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நிறுவனத்தின் பொறியாளர், "கழிவு 99.99 சதவீதம் அழிந்துவிடும், புகைபோக்கியில் வருவது பெரும்பாலும் நீராவிதான்" என்றார். எதிர்த்துப் பேசியவர், "பத்து வருஷத்தில் வீட்டுக்கு வீடு புற்றுநோய்" என்றார். இரண்டில் எது உண்மை என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், அடுத்த மாதம் இன்னொரு கூட்டம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கூட்டத்தில் எழுந்து எதைக் கேட்டால், சுற்றி வளைக்காமல் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்?

நான் பதினெட்டு வருஷம் புகைபோக்கிகளில் மாதிரி எடுத்தவன். ஆலைகள் எங்களை அழைக்கும். ஏணியில் ஏறி, புகைபோக்கியின் பக்கத்தில் இருக்கும் துளை வழியாக நீளமான குழாயைச் செலுத்தி, மணிக்கணக்கில் வாயுவை உறிஞ்சி, வடிகட்டித் தாளையும் பிசின் நிரப்பிய குப்பியையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். அதனால் உலைக்குள் என்ன நடக்கிறது, புகைபோக்கியில் என்ன வருகிறது என்பதை உறுதியாகப் பேச முடியும். உடம்புக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்பது மருத்துவர்களும் நோய்ப்பரவலியல் ஆய்வாளர்களும் பேசவேண்டியது. அதில் வெளியான ஆய்வுகளைப் படித்தவன் என்ற அளவில் மட்டும் சொல்கிறேன். உங்கள் ஊரின் காற்றுத் திசையையும் நிலத்தின் மேடு பள்ளத்தையும் பார்க்காமல், அந்த இடம் சரியா தவறா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

முதலில் அந்த 99.99. எண் பொய்யில்லை. அமெரிக்கச் சட்டத்தில் அபாயகரமான கழிவை எரிக்கும் ஆலைகளுக்கு இதுதான் குறைந்தபட்ச அளவுகோல். பிசிபி (பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த குளோரின் சேர்மங்கள்) போன்ற பிடிவாதமான பொருள்களுக்கு 99.9999 வரை கேட்கிறார்கள். ஆனால் இந்த எண் எதை அளக்கிறது என்று பாருங்கள். சோதனை எரிப்பு என்று ஒன்று நடத்துவார்கள். எரிப்பதற்குக் கடினமான ஒன்றிரண்டு கரிமச் சேர்மங்களைத் தேர்ந்தெடுத்து, உலைக்குள் எவ்வளவு போனது, புகைபோக்கியில் எவ்வளவு வந்தது என்று கணக்கிடுவார்கள். அந்த வித்தியாசம்தான் 99.99. அதாவது, உள்ளே போட்ட அதே பொருள் அதே வடிவில் எவ்வளவு தப்பி வந்தது என்பது மட்டும். எரியும்போது புதிதாக உருவான பொருள்கள் இந்தக் கணக்கில் வராது. உலோகங்களும் வராது. பாதரசம், ஈயம், காட்மியம், ஆர்செனிக் எல்லாம் தனிமங்கள், எந்த வெப்பத்திலும் அழியாது. ஒரு கிலோ ஈயம் உள்ளே போனால் ஒரு கிலோ ஈயம் வெளியே வந்தே தீரும். அடிச்சாம்பலிலா, வடிகட்டியில் பிடிபடும் தூசியிலா, கழுவு நீரிலா, புகையிலா என்பதுதான் கேள்வி. பாதரசம் 357 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதைப் பிடிக்கக் கிளர்வூட்டிய கரித்தூளைத் தனியாக ஊதியாக வேண்டும். ஆகவே 99.99 என்று ஒருவர் சொன்னால், "எந்தப் பொருளுக்கு, எந்தத் தேதி சோதனையில், உலோகங்களுக்கு என்ன கணக்கு?" என்று கேளுங்கள். நல்ல பொறியாளராக இருந்தால் மழுப்பாமல் பதில் சொல்வார்.

புதிதாக உருவாகும் பொருள்களில் எல்லோரும் அஞ்சுவது டயாக்ஸின். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டத்தில் இரு தரப்பும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். டயாக்ஸின், ஃபியூரான் என்ற இரண்டு குடும்பங்களையும் சேர்த்தால் 210 சேர்மங்கள். அவற்றில் 17 மட்டுமே கடுமையான நஞ்சாகக் கணக்கிடப்படுகின்றன. அந்தப் பதினேழில் மிக மோசமான ஒன்றை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பட்டியலில் 1997-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. உடம்பில் சேர்ந்த அளவு பாதியாகக் குறையவே 7 முதல் 11 வருஷம் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நமக்குள் அது வந்து சேரும் வழி பெரும்பாலும் மூச்சுக் காற்று இல்லை. 90 சதவீதத்துக்கு மேல் பால், முட்டை, இறைச்சி, மீன் வழியாகத்தான் வருகிறது. இலையிலும் மண்ணிலும் படிந்து, அதைத் தின்னும் பிராணியின் கொழுப்பில் தங்கி, அங்கிருந்து நம் தட்டுக்கு வருகிறது. எனவே "காற்றின் தரம் நன்றாக இருக்கிறது" என்ற ஒரு வரி இந்தப் பொருளுக்குப் பதிலாகாது.

உலைக்குள் 850 டிகிரிக்கு மேல், குறைந்தது இரண்டு விநாடி வாயு தங்கினால் டயாக்ஸின் உடைந்துவிடும். குளோரின் போன்ற ஹாலஜன் சேர்ந்த கரிமப் பொருள் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் கழிவுக்கு 1100 டிகிரி வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் சொல்கிறது. இது சரி. சிக்கல் அப்புறம் வருகிறது. உலையிலிருந்து வெளியேறும் வாயு குளிரும்போது, சுமார் 450 டிகிரியிலிருந்து 200 டிகிரி வரை இறங்கும் வழியில், தூசியில் ஒட்டியிருக்கும் கரியும் குளோரினும் செம்பின் துணையோடு சேர்ந்து டயாக்ஸினை மறுபடி கட்டிவிடும். அந்தப் படியை எவ்வளவு வேகமாகத் தாண்டுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சி, ஒரு விநாடிக்குள் வாயுவைக் குளிரவைத்தால் டயாக்ஸின் உருவாக நேரமில்லை. அதே வெப்பத்தைப் பாய்லரில் விட்டு நீராவி எடுத்து மின்சாரம் செய்தால், வாயு மெதுவாக அந்தப் பகுதியில் நடந்து போகும். பாய்லர் குழாய்களில் படியும் தூசியே டயாக்ஸின் பட்டறையாகிவிடும். "கழிவிலிருந்து மின்சாரம்" என்று விளம்பரப் பலகையில் போட்டிருந்தால், அந்த மின்சாரத்துக்குக் கொடுக்கும் விலை என்ன என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பாய்லர் வைத்த ஆலை எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. பின்னால் இருக்கும் கரித்தூளும், துணிப் பைகளால் தூசியைப் பிடிக்கும் பை வடிகட்டியும் ஒழுங்காக வேலை செய்தால் பிடித்துவிடலாம். ஆனால் அவற்றின் மேல் சுமை கூடுகிறது, அதை மறைக்கக் கூடாது.

ஒழுங்காக நடக்கும் ஆலை எவ்வளவு தூய்மையாக இருக்க முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் குப்பை எரிஉலைகள் எல்லாம் சேர்ந்து 1990-இல் வெளியிட்ட டயாக்ஸின் சுமார் 400 கிராம். கடுமையான வரம்பு வந்த பிறகு அது அரை கிராமுக்கும் கீழே போய்விட்டது என்று அந்த நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2005-இல் சொன்னது. அந்த வரம்பு, ஒரு கன மீட்டர் வாயுவுக்கு 0.1 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோகிராம், அதில் பத்தில் ஒன்று. மணிக்கு 30,000 கன மீட்டர் வாயு விடும் ஓர் ஆலை, வருஷத்தில் 8,000 மணி நேரம் இந்த வரம்பிலேயே ஓடினாலும் மொத்தம் 24 மில்லிகிராம்தான் வரும். எதிர்ப்பவர்கள் இந்தக் கணக்கை மறுக்க வேண்டியதில்லை. தொழில்நுட்பத்தால் முடியுமா என்றால் முடியும். முடியும் என்பதற்கும் உங்கள் ஊரில் தினமும் அப்படித்தான் நடக்கும் என்பதற்கும் நடுவே இருக்கும் தூரத்தைத்தான் நான் பதினெட்டு வருஷம் பார்த்தேன்.

ஒரு நாளைச் சொல்கிறேன். எந்த ஆலை, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டயாக்ஸின் மாதிரி எடுக்க வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை, தேதியைப் பத்து நாள் முன்பே ஆலைக்குச் சொல்லியிருந்தோம். காலையில் போனால் கழிவுக் கிடங்கு பெருக்கித் துடைத்தாற்போல் இருந்தது. உள்ளே போன பீப்பாய்கள் எல்லாம் ஒரே மாதிரி, கரைப்பான் கழிவு, நன்றாக எரியக்கூடியது. கண்ட்ரோல் ரூமில் வழக்கமாக இருவர் இருக்கும் இடத்தில் ஐந்து பேர். கழிவு சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு கூடும்; எட்டு மணி நேரம் அதன் கோடு திரையில் அசையாமல் கிடந்தது. வடிகட்டித் தாளை வெளியே எடுத்தபோது லேசான பழுப்பு, அவ்வளவுதான். மாலை ஆறு மணிக்குச் சாமான்களைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டோம். மேலே ஒரு கருவியை விட்டுவிட்டேன் என்று இரவு ஒன்பது மணிக்குத் திரும்பப் போனேன். அப்போதுதான் மூலையில் ஒதுக்கி வைத்திருந்த கசடுப் பீப்பாய்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கண்ட்ரோல் ரூமில் ஒரு இளைஞர் மட்டும். பீப்பாய் விழுந்த ஒவ்வொரு முறையும் கார்பன் மோனாக்சைடு கோடு திரையின் உச்சிக்குத் தாவி, இரண்டு மூன்று நிமிஷம் அங்கேயே நின்று இறங்கியது. எங்கள் அறிக்கையில் அந்த வருஷம் அந்த ஆலை வரம்புக்கு வெகு கீழே. நாங்கள் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. இருந்தாலும் அந்த அறிக்கையைக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய நாள் இன்னும் மனசில் உறுத்துகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை, முறைக்கு எட்டு மணி நேரம் என்றால் 16 மணி நேரம். ஆலை ஓடுவது 8,000 மணி நேரம். மீதி 7,984 மணி நேரம் டயாக்ஸினை யாரும் அளக்கவில்லை. இதை நான் மட்டும் சொல்லவில்லை. பெல்ஜியத்தில் ஓர் எரிஉலையில் வழக்கமான ஆறு மணி நேர மாதிரியையும், இரண்டு வாரம் தொடர்ந்து எடுத்த மாதிரியையும் ஒப்பிட்டு 1998-இல் ஆய்வு வெளியிட்டார்கள். தொடர் மாதிரியில் வந்த சராசரி 30 முதல் 50 மடங்கு அதிகம். அது ஓர் ஆலையின் கதை, எல்லா ஆலைக்கும் அதே மடங்கு பொருந்தும் என்று நீட்டிப் பேசக் கூடாது. ஆனால் குறுகிய மாதிரி, ஆலையின் நல்ல நேரத்தை மட்டும் காட்டும் என்பதற்கு அது போதும். தொடர்ந்து மாதிரி எடுக்கும் கருவி இன்று கடையில் கிடைக்கும் சாதாரணச் சாதனம்தான். இரண்டு வாரம், நான்கு வாரம் என்று புகைபோக்கியிலேயே உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஆலையின் மொத்தச் செலவில் அது ஒரு பொருட்டே இல்லை. கூட்டத்தில் நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதையே கேளுங்கள்: டயாக்ஸினுக்குத் தொடர் மாதிரிக் கருவி வைப்பீர்களா, அதை அனுமதியில் எழுதித் தருவீர்களா?

உலையைக் குளிர்ந்த நிலையிலிருந்து ஏற்றும்போதும், அணைக்கும்போதும், கரண்ட் போகும்போதும், பை வடிகட்டி கிழியும்போதும்தான் மோசமான புகை வருகிறது. பல ஆலைகளில் அவசரப் புகைவழி என்று ஒன்று உண்டு. அழுத்தம் கூடினால் மூடி திறந்து, சுத்திகரிப்பு எதையும் தொடாமல் வாயு நேராக வானத்துக்குப் போகும். உலை வெடிக்காமல் இருக்க அது தேவைதான். எத்தனை முறை திறந்தது, எத்தனை நிமிஷம், அப்போது உலையில் என்ன இருந்தது என்பது பதிவாகிறதா, அந்தப் பதிவு உங்கள் கைக்கு வருமா என்பதே முக்கியம். ஐரோப்பியச் சட்டத்தில் இதற்கு ஒரு தெளிவான கோடு இருக்கிறது. வரம்பு மீறிய நிலையில் ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் கழிவை எரிக்கக் கூடாது, வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 60 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. வெப்பம் இறங்கினாலோ, அளவுக் கருவி வரம்பைத் தாண்டினாலோ கழிவு ஊட்டுவது தானாக நிற்க வேண்டும். மனிதர் யாரும் பொத்தானைத் தொட்டு அதைத் தவிர்க்க முடியக் கூடாது என்பது என் எண்ணம். உங்கள் நாட்டுச் சட்டத்தில் இப்படி மணிக்கணக்கு இல்லாவிட்டாலும், அனுமதி நிபந்தனையாக எழுதச் சொல்லிக் கேட்கலாம்.

சாம்பலைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஆச்சரியமில்லை, எங்கும் அப்படித்தான். புகையை எவ்வளவு சுத்தமாக்குகிறோமோ, அவ்வளவு நஞ்சும் வடிகட்டியில் பிடிபட்ட தூசிக்குள் போய்ச் சேருகிறது. டயாக்ஸினிலும் ஈயம், காட்மியத்திலும் பெரும்பங்கு அந்தத் தூசியில்தான். முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி அவ்வளவு மென்மையாக, காற்றில் சட்டென்று பறக்கும். எங்கே கொட்டுவார்கள், மூடிய வண்டியா, கெட்டிப்படுத்துவார்களா, அந்தப் புதைகுழியை முப்பது வருஷம் கழித்து யார் பார்த்துக்கொள்வார்கள், நிறுவனம் கைவிட்டுப் போனால் சுத்தம் செய்ய இப்போதே பணம் கட்டி வைக்கிறார்களா என்றெல்லாம் கேளுங்கள். அதேபோல் பீப்பாய் முற்றமும். என் அனுபவத்தில், அக்கம்பக்கத்தார் முதலில் புகார் சொல்வது புகைபோக்கியைப் பற்றி இருக்காது, நாற்றத்தைப் பற்றித்தான். அது பெரும்பாலும் டாங்கிகளிலிருந்தும் திறந்த பீப்பாய்களிலிருந்தும் தரைமட்டத்தில் கசிவது. தீப்பிடித்தாலும் முதலில் பிடிப்பது கிடங்குதான்.

நோய் விஷயத்துக்கு வருகிறேன். "வீட்டுக்கு வீடு புற்றுநோய்" என்று சொல்ல ஆதாரம் கிடையாது. அதற்காக, பயமே தேவையில்லை என்றும் ஆய்வுகள் சொல்லவில்லை. பிரான்சில் பெசான்சோன் நகரத்துப் பழைய எரிஉலையைச் சுற்றி, மென்திசுப் புற்று, நிணநீர்ப் புற்று ஆகிய இரண்டும் கூட்டமாகத் தென்பட்டன என்று 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஆலை விட்ட டயாக்ஸின், இன்றைய ஐரோப்பிய வரம்பைப்போல் நூறு மடங்குக்கும் மேல். புதிய தலைமுறை ஆலைகளைப் பற்றி இங்கிலாந்தில் பெரிய அளவில் நடந்த ஆய்வுகளில், குழந்தை இறப்போடு தொடர்பு எதுவும் தெரியவில்லை. ஆலைக்கு அருகில் வசிப்பவர்களிடம் சில பிறவிக் குறைபாடுகள் மிகச் சிறிதளவு கூடுதலாக இருந்தன. அது ஆலையாலா, அந்த வட்டாரத்தின் வேறு காரணங்களாலா என்று பிரிக்க முடியவில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அவை நகரக் குப்பை எரிக்கும் ஆலைகள் என்பதையும் மறக்க வேண்டாம், தொழிற்சாலைக் கழிவின் கலவை வேறு. சிலர் 1976-இல் இத்தாலியில் டயாக்ஸின் கசிந்த செவேசோ விபத்தைக் காட்டிப் பேசுவார்கள். அது ரசாயன ஆலையில் பொருள்களைச் சேர்த்து வினை நடத்தும் கலனில் நடந்த விபத்து, எரிஉலை இல்லை. அதை உதாரணமாக எடுத்தால் எதிர்த்தரப்பு ஒரே வரியில் உங்களை மடக்கிவிடும், விட்டுவிடுங்கள்.

இடம்தான் பாதித் தீர்ப்பு என்பது என் எண்ணம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஈஸ்ட் லிவர்பூல் என்ற சிற்றூரில், ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய அபாயக் கழிவு எரிஉலையைக் கட்டினார்கள். மேட்டின் மேல் ஆரம்பப் பள்ளி, தூரம் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. பள்ளத்தாக்கில் காற்று தேங்கும், புகைபோக்கியின் வாயும் பள்ளியின் மட்டத்துக்கு அருகில் வந்துவிடும். பல வருஷம் போராடினார்கள், பலர் கைதானார்கள். 1992 தேர்தலில் துணை அதிபர் வேட்பாளரான அல் கோர் வரை அது பேசுபொருளானது. இருந்தும் 1993-இல் ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. 2013 ஜூலையில் உள்ளே படிந்திருந்த சாம்பல் பெயர்ந்து விழுந்து, வெளியே பறந்து, அக்கம்பக்க வீடுகளின் மேல் படிந்தது. பள்ளி அதற்குள் மூடப்பட்டிருந்தது. எவ்வளவு நல்ல வடிகட்டி வைத்தாலும், தப்பான இடத்தில் வைத்துவிட்டால் ஒரு மோசமான நாளுக்கு மறுபரிகாரம் இல்லை. அந்த ஆலைக்கு வேறு எந்தெந்த இடங்களைப் பார்த்தார்கள், ஏன் உங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஆவணமாகக் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் 1984-இல் அரசு வாரியத்துக்காக ஓர் ஆலோசனை நிறுவனம் எழுதிய அறிக்கை, எரிஉலைக்கு எதிர்ப்புக் குறைவாக வரும் இடங்கள் எவை என்று பட்டியல் போட்டது: வருமானம் குறைந்த, படிப்புக் குறைந்த, வயதானவர்கள் அதிகமுள்ள பகுதிகள். காற்றையும் நிலத்தடி நீரையும் பார்த்து இடம் எடுத்தார்களா, வாய் திறக்காத ஆட்களைப் பார்த்து எடுத்தார்களா என்ற சந்தேகம் மக்களுக்கு வருவதை யாரும் மூடநம்பிக்கை என்று சொல்ல முடியாது.

சரி, வேண்டாம் என்றே சொல்லிவிடலாமா? சொல்லலாம். ஆனால் சொல்லும்போது அந்தக் கழிவு எங்கே போகும் என்பதற்கும் ஒரு பதில் கையில் இருக்கட்டும். இப்போது அது எங்கேயோ இருக்கிறது. தொழிற்சாலைகளின் பின்கட்டில் துருப்பிடித்த பீப்பாய்களில் இருக்கிறது, அல்லது இரவோடு இரவாக ஓடையில் ஊற்றப்படுகிறது, அல்லது திறந்த வெளியில் கொளுத்தப்படுகிறது. திறந்த வெளியில் குளோரின் கலந்த கழிவைக் கொளுத்துவது, சுமாராக நடக்கும் எரிஉலையைவிடவும் மோசம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் கழிவின் பட்டியலை முதலில் வாங்குங்கள் என்கிறேன். எந்தத் தொழிற்சாலை, என்ன கழிவு, எத்தனை டன். கரைப்பானாக இருந்தால் காய்ச்சி வடித்துத் திரும்பப் பயன்படுத்தலாம், எரிக்கவே வேண்டாம். உலோகக் கசடாக இருந்தால் எரிப்பதில் அர்த்தமே இல்லை. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால், நிஜமாகவே எரிக்க வேண்டியது கேட்கும் அளவில் ஒரு பகுதியாகத்தான் இருக்கும். அப்படியானால் ஆலை ஏன் இவ்வளவு பெரிது? பெரிய ஆலை பசியோடு இருக்கும். உள்ளூர்க் கழிவு போதாவிட்டால் தூரத்திலிருந்து லாரியில் வரவழைக்கும். எந்தப் பரப்பிலிருந்து கழிவு வரலாம் என்ற எல்லையும் அனுமதியில் இருக்க வேண்டும்.

மக்கள் விவாதம் வீண் என்று யாராவது சொன்னால், ரசாயன ஆயுதங்களின் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்க ராணுவம் தன்னிடம் குவிந்திருந்த ரசாயன ஆயுதங்களை எரித்து அழிக்கத் திட்டமிட்டது. சில இடங்களில் எரிக்கவும் செய்தது. பல ஊர் மக்கள், எரிக்காமல் அழிக்க வழி உண்டா என்று விடாமல் கேட்டார்கள். 1996-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் மாற்று வழிகளைச் சோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மக்கள், அதிகாரிகள், ராணுவம் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அளவுகோலை முடிவு செய்தார்கள். கடைசியில் கொலராடோவின் பியூப்லோவிலும், கென்டக்கியின் புளூ கிராஸிலும் ரசாயன முறையில் செயலிழக்கச் செய்யும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். 2023 ஜூலையில் கடைசி ஆயுதமும் முடிந்தது. எரித்த இடங்களைவிடப் பல வருஷம் கூடுதலாக ஆனது, அதையும் சேர்த்தே சொல்லுங்கள். மாற்று வழி என்றால் மந்திரம் கிடையாது, அதற்கும் காலமும் பணமும் கசடும் உண்டு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், பள்ளியோ மருத்துவமனையோ அரைக் கிலோமீட்டருக்குள் இருந்தால், அல்லது ஊர் பள்ளத்தாக்கில் இருந்தால், வேறு பேச்சே இல்லாமல் எதிர்ப்பேன். அப்படி இல்லையென்றால் எதிர்ப்பா ஆதரவா என்பதைத் தள்ளி வைத்து, தொடர் டயாக்ஸின் மாதிரி, மீறல் மணிக்கணக்கு, தானாக நிற்கும் ஏற்பாடு, சாம்பலின் முகவரி, மூடும் நாளுக்கான பணம் ஆகியவை அனுமதிக் கடிதத்தில் எழுத்தில் வரும்வரை ஒப்புக்கொள்ள மாட்டேன். மேடையில் சொல்லும் வாக்குறுதியை யாரும் நீதிமன்றத்துக்கு எடுத்துப் போக முடியாது. நிபந்தனையில் இருக்கும் ஒரு வரியை எடுத்துப் போகலாம். அளவுக் கருவிகளின் கணக்கு அதிகாரிக்கு மட்டும் போகாமல், நிமிஷத்துக்கு நிமிஷம் ஊராரும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் மாதிரி எடுக்க வருபவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது ஆலையாக இல்லாமல், ஆலை கட்டிய பணத்திலிருந்து வேறொருவராக இருப்பது நல்லது. முன்னறிவிப்பு இல்லாமல் வர வேண்டும். இதை மட்டும் நான் வேலையில் இருந்தபோதே சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று, இதை அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்கலாம். ஆலை வருவதற்கு முன்னால் உங்கள் ஊர் எப்படி இருந்தது என்பதற்கு இப்போது சாட்சி எடுத்து வையுங்கள். காற்றுப் போகும் திசையில் நாலைந்து இடம், எதிர்த் திசையில் இரண்டு இடம் தேர்ந்தெடுத்து, மேல்மண் சில சென்டிமீட்டர் மட்டும் சுரண்டி, சுத்தமான கண்ணாடிப் புட்டியில் போட்டு, தேதியும் இடமும் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு மூடி வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். திறந்தவெளியில் மேயும் கோழிகளின் முட்டைகள் இருந்தால், அவை மண்ணைவிட நல்ல சாட்சி. கோழி நாள் முழுக்க மண்ணைக் கொத்துகிறது, டயாக்ஸின் மஞ்சள் கருவின் கொழுப்பில் சேர்கிறது. முட்டைகளை உடைத்துக் கலக்கி, கண்ணாடிப் புட்டியில் ஊற்றி உறைய வையுங்கள். டயாக்ஸின் சோதனைக்கு நிறையச் செலவாகும், எல்லா மாதிரியையும் இப்போதே சோதிக்கத் தேவையில்லை. ஒன்றிரண்டை அனுப்பிவிட்டு மீதியைப் பத்திரமாக வையுங்கள். உலையில் முதல் தீ மூட்டிய பிறகு இந்த மாதிரிகளை எடுக்க முடியாது. அப்போது எடுத்தால், "இது முன்பே இருந்தது" என்று அவர்களும் சொல்லலாம், "நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள்" என்று நீங்களும் சொல்லலாம், எதையும் நிரூபிக்க முடியாது. மாதிரி எடுக்கும்போது ஏதாவது சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள், படிப்படியாக எழுதுகிறேன்.